போர்சார் மனநோய்ப் பெயர்களும் உரிமை மறுப்பும்: ஒரு கலைச்சொல் திறனாய்வு

1. முன்னுரை

நோய்க்குப் பெயரிடுதல் மருத்துவரின் பணி என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. படைவீரரைப் பொறுத்தவரை அப்பெயர் மருத்துவமனையோடு நின்றுவிடுவதில்லை. ஓய்வூதிய ஆணை வரை தொடர்கிறது. நோய் யாது என்பதோடு அது எதனால் வந்தது என்பதையும் பெயர் உணர்த்துகிறது. காரணம் எங்குச் சுட்டப்படுகிறதோ அங்கேயே இழப்பீட்டுப் பொறுப்பும் சென்று சேர்கிறது. போரினால் உள்ளம் நலிந்தோர்க்கு உரிமை மறுக்கப்பட்டதில் சொற்கள் ஆற்றிய பங்கையும், அச்சொற்களைத் தமிழாக்குவதில் எழும் சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பெயர் மாற்றங்களின் வரலாறு

முதல் உலகப் போரின்போது, 1915இல், சார்லஸ் மையர்ஸ் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரையின் வழியாக 'ஷெல் ஷாக்' என்னும் தொடர் மருத்துவ வழக்கில் இடம்பெற்றது. குண்டுவெடிப்பே காரணம் என்பது அத்தொடரிலேயே அடங்கியிருந்தது. பிரிட்டிஷ் படை நிருவாகம் இதனை இரண்டாகப் பகுத்தது. பகைவர் செயலால் நேர்ந்ததெனின் காயத்தைக் குறிக்கும் 'டபிள்யூ' என்னும் எழுத்தும், அல்லாதவிடத்து நோயைக் குறிக்கும் 'எஸ்' என்னும் எழுத்தும் சேர்க்கப்பட்டன. முன்னது பெற்றவர் காயமுற்றோர்க்குரிய சட்டைப்பட்டைக்கும் ஓய்வூதியத்துக்கும் உரியவர்; பின்னது பெற்றவர் அவற்றுக்கு உரியரல்லர். ஓர் எழுத்து வேறுபாடு வாழ்வின் வேறுபாடாயிற்று.

1917இல் அத்தொடரைப் பயன்படுத்துவதே தடுக்கப்பட்டு, 'இன்னும் கண்டறியப்படாதது, நரம்பு சார்ந்தது' என்னும் பொருள்படும் குறிப்பு புகுத்தப்பட்டது. 1922இல் சவுத்பரோ பிரபு தலைமையிலான குழுவும் அப்பெயரைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. ஆயினும் போருக்குப் பின்னரும் பல்லாயிரவர் அந்நோயோடு வாழ்ந்தனர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வான்படை கையாண்ட 'மனவுறுதிக் குறைவு' என்னும் முத்திரை இன்னும் ஒருபடி மேற்சென்று, நோயையே ஒழுக்கக் குறையாக மாற்றியது.

அமெரிக்காவிலும் இத்தகைய ஊசலாட்டத்தைக் காணலாம். அந்நாட்டு மனநல மருத்துவர் சங்கத்தின் 1952ஆம் ஆண்டுக் கையேட்டில் இடம்பெற்ற கடும் நெருக்கடி எதிர்வினை, 1968ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கப்பட்டது. வியத்நாம் போர் நிகழ்ந்துகொண்டிருந்த காலம் அது. போர்முனையிலிருந்து மீண்டு நெடுநாள் கழித்துத் துன்புற்ற வீரர்களின் நிலைக்குக் கையேட்டில் பெயரில்லை. வீரர்களும் அவர்களுக்குத் துணைநின்ற மருத்துவர்களும் முயன்றதன் விளைவாக, 1980ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் இன்று பி.டி.எஸ்.டி. எனச் சுருக்கி வழங்கும் பெயர் ஏற்கப்பட்டது.

3. இந்திய விதிகளின் சொற்கள்

இந்தியப் படைவீரர்க்குரிய ஊனமுற்றோர் ஓய்வூதியத்தில் தீர்ப்பாக நிற்பவை இரு தொடர்கள்: பணியே நோய்க்குக் காரணம் என்பது ஒன்று, முன்பிருந்த நோய் பணியால் மிகுந்தது என்பது மற்றொன்று. இரண்டும் இல்லையென மருத்துவக் குழு எழுதினால் கோரிக்கை வீழ்கிறது. 1982ஆம் ஆண்டு விதிகளை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், பணியில் சேரும்போது பதியப்படாத நோய் பணியால் வந்ததாகவே கொள்ளத்தக்கது என்றும், அதனை மறுக்கும் குழு காரணம் காட்டவேண்டும் என்றும் 2013இல் தீர்த்தது. மனநோய் பற்றிய வேறொரு வழக்கில் அதே ஆண்டில் அந்நீதிமன்றம் நோய்ப்பெயரின் பொருளை அகராதியிலும் மருத்துவ நூல்களிலும் தேடி, மறு மருத்துவ ஆய்வுக்கு ஆணையிட்டது. வழக்கின் தீர்வு சொற்பொருளாய்வை வேண்டி நின்றமை மொழியியலார் கருதத்தக்கது. 2008, 2023 ஆகிய ஆண்டுகளில் விதிகள் மாறியபோதும் அவ்விரு தொடர்களும் நீடிக்கின்றன.

4. தமிழாக்கச் சிக்கல்கள்

(அ) மேற்கண்ட இரு தொடர்களையும் 'பணியால் ஏற்பட்ட' என ஒன்றாக அடக்குவது பிழை. 'மிகுந்தது' என்னும் இரண்டாம் வாயில் அடைபட்டால், முன்பே நோயிருந்தவர் தம் உரிமையை அறியவே இயலாது.

(ஆ) மருத்துவக் குழுக்கள் எழுதும் 'கான்ஸ்டிடியூஷனல்' என்னும் சொல்லுக்கு அரசியலமைப்போடு தொடர்பில்லை. 'உடல், மன இயல்பிலேயே அமைந்தது' என்பதே அதன் பொருள். பழியைப் பணியிலிருந்து பிறவிக்கு மாற்றும் சொல் இது. இதனைப் பொதுப்படப் பெயர்த்தால் மறுப்பின் காரணமே மறைந்துவிடும்.

(இ) 'மன அழுத்தம்' என்பது நெருக்கடிக்கும் சோர்வுநோய்க்கும் ஒருங்கே வழங்குகிறது. முன்னது புறக்காரணத்தைச் சுட்டுவது. பின்னது நோயின் பெயர். பின்னதற்கு 'மனச்சோர்வு' என்பதை வரையறுத்தல் தகும்.

(ஈ) 'டிராமா' என்னும் சொல்லின் கிரேக்க மூலப்பொருள் காயம் என்பதாகும். 'அதிர்ச்சி' என்னும் பெயர்ப்பு நொடிப்பொழுதில் நேர்ந்து மறைவதையே உணர்த்துகிறது. 'உளக்காயம்' என்பது ஆறாமல் நிற்பதையும் உணர்த்தும். விழுப்புண்ணைப் போற்றிப் புறப்புண்ணுக்கு நாணியது பழந்தமிழ் மரபு. வெண்ணிப் போரில் புறப்புண் பட்ட சேர மன்னன் வடக்கிருந்தான் என்பது புறநானூற்றால் அறியப்படும் செய்தி. புண் எங்குப்பட்டது என்பதைக் கொண்டு மதிப்பை அளந்த அம்மரபில் கண்ணுக்குப் புலனாகாத புண்ணுக்கு இடம் அமையவில்லை. அவ்விடத்தை இன்றைய கலைச்சொல்லே அமைத்துத் தரவேண்டும்.

5. முடிவுரை

கலைச்சொல்லாக்கத்தில் எளிமையும் ஓசைநயமும் வேண்டப்படுவன. ஆயினும் உரிமை ஆவணங்களில், மூலச்சொல் சுட்டும் காரணம் பெயர்ப்பிலும் நிற்கிறதா என்பதே முதல் அளவுகோலாதல் வேண்டும். தமக்கு எது மறுக்கப்பட்டது, எக்காரணத்தால் மறுக்கப்பட்டது என்பதைத் தம் மொழியில் தெளிவாக அறிந்த வீரரே மேல்முறையீடு செய்ய இயலும். அத்தெளிவைத் தருவது மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.