அணை மட்டமும் எக்ஸ்எம்எல் விதியும்

பருவமழைக் காலத்தில் நெல்லைப் பதிப்பு நாளிதழ்களில் விவசாயிகள் முதலில் தேடுவது அணை நிலவரம். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118 என்று முழு மட்டமும், பக்கத்தில் அன்றைய நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றமும் இருக்கும். இந்தப் பட்டியலை எக்ஸ்எம்எல் ஆவணமாக எழுதிச் சரிபார்ப்பதாக வைத்துக்கொள்வோம். எண்களைத் தனித்தனியே சோதிப்பது எளிது. ஒரு எண் இன்னொன்றோடு பொருந்துகிறதா என்று பார்க்கப் போனால்தான் சிக்கல்.

இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி 2001இல் வெளியிட்ட, ஆவணத்தின் வடிவத்தை விதிக்கும் மொழியான எக்ஸ்எம்எல் ஸ்கீமா 1.0இல், நீர்மட்டம் 0 முதல் 156 வரையுள்ள தசம எண்ணாக இருக்க வேண்டும் என்று விதிக்கலாம். மணிமுத்தாற்றில் 140 அடி என்று யாராவது தவறாக அடித்தால் அதுவும் அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். ‘அணை மணிமுத்தாறு என்றால் மட்டம் 118ஐத் தாண்டக் கூடாது’ என்று சொல்ல அந்த மொழியில் வழியில்லை. அணைக்கு அணை தனி உறுப்பு வைத்துச் சமாளிக்கலாம். அப்படிச் செய்தால் ஸ்கீமா வீங்கிப்போகும். தாமிரபரணியின் 8 அணைக்கட்டுகளையும் 11 கால்வாய்களையும் சேர்த்தால் அதைப் பராமரிக்கவே முடியாது. பாளையங்கால்வாய்க்கு எதிரே பழவூர் அணைக்கட்டுதான் வர வேண்டும் என்பதை மட்டும் கீரெஃப் என்ற குறிப்புச் சோதனையைக் கொண்டு பார்க்கலாம். அதற்கும் அந்தச் சோடிகளின் பட்டியல் அதே ஆவணத்துக்குள் இருந்தாக வேண்டும்.

2012இல் வந்த 1.1 பதிப்பு அசெர்ட் என்ற வசதியைத் தந்தது. மட்டத்தையும் முழு மட்டத்தையும் ஒப்பிட, எக்ஸ்எம்எல் உறுப்புகளைத் தேடும் மொழியான எக்ஸ்பாத்தில் ஒரே வரி போதும். ஆனால் அந்த விதி தன் உறுப்பையும் அதற்குள் இருப்பவற்றையும் மட்டுமே பார்க்கும்; மேலே இருப்பது அதன் கண்ணில் படாது. பரவலாகப் புழங்கும் லிப்எக்ஸ்எம்எல்2, டாட்நெட் ஆகியவற்றின் சரிபார்ப்பான்கள் 1.0ஓடு நின்றுவிட்டன என்பது இதைவிடப் பெரிய தடை.

எனவே நான் ஸ்கீமட்ரான் என்ற விதிமொழியின் பக்கம் நிற்கிறேன். ரிக் ஜெலிஃப் 1999இல் உருவாக்கிய இது 2006இல் ஐஎஸ்ஓ தரமானது. ஆவணத்தின் எந்த மூலையையும் எந்த மூலையோடும் ஒப்பிடும். பிழைச் செய்தியை விதி எழுதுபவரே எழுதலாம் என்பது அதன் பெரிய பலம். ‘மணிமுத்தாறு நீர்மட்டம் முழு மட்டத்தைத் தாண்டுகிறது, அளவுகோலை மறுபடி பாருங்கள்’ என்று தமிழிலேயே சொன்னால், பதிவு செய்பவர் கணினிக்காரரைத் தேடி ஓட வேண்டாம்.

குறைகளும் உண்டு. பெரிய கோப்புகளில் நேரமும் நினைவகமும் தின்னும். மோசமான குறை வேறு. பேட்டர்ன் எனப்படும் ஒரே விதித் தொகுப்புக்குள் ஓர் உறுப்புக்குப் பொருந்தும் முதல் விதி மட்டுமே இயங்கும். எல்லா அணைகளுக்குமான பொதுவிதியை மேலேயும் மணிமுத்தாற்றுக்கான தனிவிதியைக் கீழேயும் எழுதினால், தனிவிதி ஒருநாளும் ஓடாது. பிழைச் செய்தியும் வராது. ஆவணம் தேறிவிட்டது என்றே எல்லோரும் நம்புவார்கள். விதி எழுதியவர் வேண்டுமென்றே தவறான ஆவணம் ஒன்றைக் கொடுத்துப் பார்க்காதவரை இது வெளிச்சத்துக்கு வராது.

உறுப்புகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் இந்தத் தேவை வெறும் ஏட்டுச் சிக்கல் அல்ல. நம் கைப்பேசிக்குத் தமிழில் வரும் மழை எச்சரிக்கைகளுக்குப் பின்னால் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் தளம் இருக்கிறது. சி-டாட் உருவாக்கிய அந்தத் தளம் எச்சரிக்கைச் செய்திகளுக்கான சிஏபி என்ற எக்ஸ்எம்எல் நெறிமுறையின் மீது நிற்கிறது. ரத்துச் செய்தி என்றால் எந்தப் பழைய எச்சரிக்கையை ரத்து செய்கிறது என்ற குறிப்பு இருக்க வேண்டும். தனிப்பட்ட செய்தி என்றால் பெறுநர் முகவரி கட்டாயம். நெறிமுறையின் உரை இப்படிச் சொல்கிறது. அதோடு வரும் ஸ்கீமாவோ இந்த இரண்டு உறுப்புகளையும் ‘இருந்தாலும் இருக்கலாம்’ என்று விட்டுவிடுகிறது. எதை ரத்து செய்கிறது என்றே சொல்லாத ரத்துச் செய்தியும் ஸ்கீமா சோதனையில் தேறும். இத்தகைய விதிகளை இரக்கமில்லாமல் அமல்படுத்தியே ஆக வேண்டும்.

அதே கண்டிப்பை மழை அளவில் காட்டினால் ஆபத்து. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லையும் தூத்துக்குடியும் மூழ்கியபோது, காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஒரு நாள் மழைக்கு 50 சென்டிமீட்டர் உச்சவரம்பு என்று யாராவது எழுதியிருந்தால், சாதாரண நாள்களில் அது நியாயமாகவே பட்டிருக்கும். வெள்ளம் வீடு புகுந்த நாளில் அந்த விதி உண்மையான எண்ணைப் பிழை என்று தள்ளியிருக்கும். பாபநாசமும் சேர்வலாறும் சுரங்கப் பாதையால் இணைந்த அணைகள். ஒன்று மளமளவென்று ஏறி மற்றொன்று அசையாமல் நின்றால் சந்தேகப்படலாம், நிராகரிக்கக் கூடாது.

வரையறையிலிருந்து பிறக்கும் விதி தடுக்கட்டும். அனுபவத்திலிருந்து பிறக்கும் விதி எச்சரிக்கட்டும். ஸ்கீமட்ரானில் ஒவ்வொரு விதிக்கும் இந்தத் தரத்தைக் குறிக்க இடம் உண்டு. ஸ்கீமா 1.1இன் அசெர்ட்டுக்குத் தேர்ச்சி, தோல்வி என்ற இரண்டு பதில்கள்தான். ஆற்றையும் மழையையும் பதிவு செய்யும் ஆவணங்களுக்கு அது போதாது.