‘நோ’ என்று வந்தும் நிற்காத பில்டு

“மூலநிரலை இறக்கி நீங்களே கம்பைல் செய்துகொள்ளுங்கள், அதைவிடப் பாதுகாப்பு வேறில்லை” என்று கட்டற்ற மென்பொருள் வகுப்புகளில் இன்னமும் சொல்லிக் கொடுக்கிறார்கள். எங்கள் நெய்வேலி டவுன்ஷிப்பில் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகள் விடுமுறையில் இப்படி ஒரு வகுப்புக்குப் போய்விட்டு வந்து, கான்ஃபிகர், மேக், சுடோ மேக் இன்ஸ்டால் என்று மூன்று கட்டளைகளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். 2024 மார்ச்சில், எக்ஸ்.இசட். என்ற கோப்புச் சுருக்க மென்பொருளுக்குள் பின்கதவு வைக்கப்பட்ட விவகாரம் வெடித்த பிறகாவது இந்தப் பேச்சு கொஞ்சம் அடங்கும் என்று எதிர்பார்த்தேன். அடங்குவதாவது! “திறந்த மூலம் என்பதால்தானே பிடிபட்டது” என்று அதையே வெற்றிக் கதையாக்கிவிட்டார்கள்.

கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளில் திறந்த மூலம் மூடிய மூலத்தைவிட மேல்தான். டி.டி.பி. சென்டர் முதல் ஆபீஸ் வரை 40 நாள் சோதனைக் காலம் முடிந்து பல வருடங்களாகியும் வின்ரார் ஓடிக்கொண்டிருப்பது நமக்குத் தெரிந்த கதை. அந்த வின்ராரில் ஏஸ் வகைக் கோப்புகளைப் பிரிக்கும் பழைய நூலகம் ஒன்றில் பெரிய ஓட்டை இருப்பதை 2019 பிப்ரவரியில் செக் பாயிண்ட் நிறுவனம் வெளியிட்டது. ஓட்டையை அடைக்க வின்ரார்காரர்களாலேயே முடியவில்லை. நூலகத்தின் மூலநிரல் அவர்கள் கையில் இல்லை. ஏஸ் ஆதரவையே தூக்கியெறிந்துதான் தப்பித்தார்கள். எக்ஸ்.இசட். அந்த மாதிரி இல்லை. இகோர் பாவ்லோவ் 7-ஜிப்புக்காக உருவாக்கிய எல்.இசட்.எம்.ஏ. முறையை அடியாகக் கொண்டது, சுருக்குவதில் கெட்டி. டெபியன் பொதிகள் அதில்தான் கட்டப்படுகின்றன. தமிழக அரசின் இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு சேர்ந்து வந்த பாஸ் லினக்ஸும் சென்னை சி-டாக் டெபியனிலிருந்து உருவாக்கியதுதான். (அதை யார் திறந்து பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள்.) ஆக, எக்ஸ்.இசட். என்ற பெயரே கேள்விப்படாத வீட்டிலும் அது இருந்தது.

என் சண்டை மென்பொருளோடு அல்ல, ‘நானே பில்டு செய்தேன், ஆகவே எனக்குத் தெரியும்’ என்ற நம்பிக்கையோடு.

பின்கதவு இருந்தவை 5.6.0, 5.6.1 ஆகிய இரண்டு பதிப்புகள். முதலாவது 2024 பிப்ரவரி 24இலும் அடுத்தது மார்ச் 9இலும் வந்தன. வெளியிட்டவர் ‘ஜியா டான்’ என்ற பெயரில் 2021 முதல் பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பி, நம்பிக்கை சம்பாதித்து, பராமரிப்பாளராகவே ஆகிவிட்ட ஒருவர். நச்சு நிரலின் உடல் இரண்டு சோதனைக் கோப்புகளுக்குள் இருந்தது. சுருக்கும் மென்பொருளில் கெட்டுப்போன கோப்பைக் கொடுத்துச் சோதிப்பது வழக்கம்தான். கெட்டுப்போன கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று யார் பிரித்துப் பார்ப்பார்கள்? அதை உயிர்ப்பிக்கும் வரியோ பொதுவில் இருந்த கிட் களஞ்சியத்தில் இல்லவே இல்லை. வெளியீட்டுப் பொதியான டார்பாலில் மட்டும், பில்ட்-டு-ஹோஸ்ட் என்ற எம்4 கோப்புக்குள் இருந்தது. கான்ஃபிகர் ஓடும்போது அது கெட்ட கோப்பை எடுத்து, பைட்டுகளை இடம் மாற்றிச் சரிசெய்து, உள்ளிருந்ததை வெளியே எடுத்து பில்டில் கலந்துவிட்டது.

‘திறந்த மூலம்’ என்று ஊர் பார்த்தது ஒன்று, கம்பைலருக்குப் போனது வேறொன்று. களஞ்சியத்தை ஆயிரம் பேர் வரி வரியாகப் படித்திருந்தாலும் அந்த வரி அவர்கள் கண்ணில் பட்டிருக்காது.

“டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கச் சொல்லித்தானே கொடுக்கிறோம்” என்பார்கள். சரிபார்த்தால் சரியாகவே வந்திருக்கும். பொதியில் கையெழுத்திட்டதே ஜியா டான்தான். அனுப்பியவர் யார் என்று கையெழுத்து சொல்லும். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது. செக்சம் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனவர்கள் எல்லாரும் விஷத்தின் முத்திரை உடையவில்லை என்பதைத்தான் உறுதி செய்தார்கள்.

இதைவிட என்னை உறுத்துவது ஒரு புள்ளி. பின்கதவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். யாரோ அனுப்பிய கோப்பைப் பிரிக்கும்போது, அதில் ஏடாகூடமாக ஏதாவது இருந்தாலும் மற்ற கோப்புகளைத் தொடவிடாமல் தடுக்க, லினக்ஸ் கெர்னலின் லேண்ட்லாக் என்ற வேலியை எக்ஸ்.இசட். பயன்படுத்தும். அந்த வசதி கணினியில் இருக்கிறதா என்று பார்க்க, கான்ஃபிகருக்கு மாற்றான சீமேக் வழி பில்டில் ஒரு குட்டி சி நிரல் உண்டு. அது கம்பைல் ஆனால் ‘இருக்கிறது’, ஆகாவிட்டால் ‘இல்லை’. 2024 பிப்ரவரி 26 அன்று ஜியா டான் அந்தக் குட்டி நிரலைத் திருத்தினார். தலைப்புக் கோப்புகளைச் சேர்க்கும் வரிகள், கீழே தனி வரியில் ஒரே ஒரு முற்றுப்புள்ளி, அதற்கும் கீழே செயற்கூறு தொடங்குகிறது. அந்தப் புள்ளியால் நிரல் எந்தக் கணினியிலும் கம்பைல் ஆகாது. எங்கே ஓட்டினாலும் விடை ‘இல்லை’தான். பில்டு அதைக் கேட்டுக்கொண்டு, வேலி போடாமல், எந்தப் புகாரும் இன்றி முடிந்துவிடும்.

இந்தப் புள்ளி டார்பாலில் ஒளித்து வைத்ததல்ல. பொதுக் களஞ்சியத்தில், பட்டப்பகலில், ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தது. கண்கள் போதுமான அளவு இருந்தால் எல்லாப் பிழையும் மேலோட்டமாகத் தெரிந்துவிடும் என்ற எரிக் ரேமண்டின் வாதத்தை வகுப்புகளில் வேதமாகச் சொல்கிறார்களே, அந்தக் கண்கள் அப்போது எங்கே போயிருந்தன?

கண்களைக் குறைசொல்லிப் பயனில்லை என்றும் சொல்ல வேண்டும். பில்டு நம்மைப் பழக்கியிருக்கும் விதம் அப்படி. கான்ஃபிகரைத் தட்டினால் திரையில் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடுகின்றன. ‘எஸ்’, ‘எஸ்’, ‘நோ’, ‘எஸ்’, ‘நோ’. அத்தனை ‘நோ’வுக்கு நடுவில் எது சாதாரண ‘நோ’, எது வேலி அறுந்த ‘நோ’ என்று பிரித்துப் பார்க்க எவருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். பாய்லரை லைட்-அப் செய்யும் முன் ஃபர்னஸைக் காற்றடித்துப் பர்ஜ் செய்தாக வேண்டும். அதற்கான பெர்மிசிவ்களில் ஒன்று வராவிட்டாலும் அடுத்த கட்டத்துக்குப் போக விடாது. “மற்றதெல்லாம் வந்திருக்கிறதே, போகட்டும்” என்று டெஸ்க்கில் இருப்பவர் சொல்ல முடியாது. நம் பில்டு மட்டும் எந்த ‘நோ’வுக்கும் நிற்பதில்லை.

பல வகை யூனிக்ஸ்களில் ஓட வேண்டிய காலத்தில் பிறந்த பழக்கம் இது. இல்லாததை விட்டுவிட்டு இருப்பதை வைத்து ஓட்டுவது அன்று நியாயம்தான். ஆனால் பாதுகாப்பு வசதியையும் அதே கணக்கில் சேர்த்தது எந்த நியாயம்? ‘சாண்ட்பாக்ஸ் (அதாவது அந்த வேலி) கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் பில்டை நிறுத்து’ என்று கேட்கும் விருப்பம் எக்ஸ்.இசட்.டிலேயே உண்டு. எந்த வகுப்பிலும் அதைச் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. மூன்று கட்டளை மந்திரத்தில் நான்காவது சொல்லுக்கு இடமில்லை போலும்.

எதிர்த்தரப்பு ஒரு துருப்புச்சீட்டு வைத்திருக்கிறது. பின்கதவு ஸ்கிரிப்ட், டெபியன் அல்லது ஆர்.பி.எம். பொதியாகக் கட்டப்படுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கியது. வீட்டில் கையால் கம்பைல் செய்தவரை விட்டுவிட்டது. “பார்த்தீர்களா, நாங்களே கட்டினோம், தப்பித்தோம்.” தப்பித்தது உண்மை. தப்பவிட்டது யார்? திருடன். வீட்டில் உட்கார்ந்து கம்பைல் செய்யும் நான்கு பேர் அவனுக்கு வேண்டாம். அவன் குறிவைத்தது சர்வர்களை. நாளைக்கு அந்த நிபந்தனையை எடுத்துவிட்டு இன்னொருவன் வந்தால் மூன்று கட்டளைகள் எந்த வரியில் அவனைத் தடுக்கும்? மேலும், சீமேக் வழியாகத் தானே கட்டியவருக்குத்தான் அந்தப் புள்ளி வைக்கப்பட்டது.

பிடிபட்ட கதையையும் பாருங்கள். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நிரலாளர், மைக்ரோசாஃப்டில் வேலை. அவர் எக்ஸ்.இசட். மூலநிரலைப் படித்துக் கண்டுபிடிக்கவில்லை. தன் சோதனைக் கணினியில் எஸ்.எஸ்.எச். உள்நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக எடுப்பதையும் சி.பி.யு. தேவையில்லாமல் உழைப்பதையும் பார்த்துச் சந்தேகப்பட்டு, நூல் பிடித்துக்கொண்டு போய் எக்ஸ்.இசட்.டில் முட்டினார். முட்டிய பிறகு நோண்டிப் பார்க்க மூலம் திறந்திருந்தது உதவியது, அந்த அளவுக்குத் திறந்த மூலத்துக்குப் பெருமை உண்டு. மார்ச் 29 அன்று அவர் எழுதியிராவிட்டால் அது டெபியன், ஃபெடோராவின் அடுத்த நிலையான பதிப்புகளுக்குள் போயிருக்கும். அரை விநாடியைப் பொருட்படுத்தும் ஒரு மனிதர் அன்றைக்கு அங்கே இருந்தார் என்பதை ஒரு முறையின் வெற்றி என்று எழுதுகிறவர்களுக்கு என்ன சொல்வது?

ஜியா டானுக்கு வழிவிட்டது எப்படி என்பதும் இதோடு சேர்ந்ததுதான். லாஸ்ஸே காலின் ஒற்றை ஆளாக, சம்பளமில்லாமல் எக்ஸ்.இசட்.டைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2022இல் ‘ஜிகார் குமார்’, ‘டென்னிஸ் என்ஸ்’ என்ற பெயர்களிலிருந்து “வேலை நகரவில்லை, பொறுப்பை வேறு ஆளிடம் கொடு” என்று அவருக்கு நெருக்கடி வந்தது. இரண்டும் போலி என்றே கருதப்படுகிறது. நம்மூர்ப் பெயரைக்கூட விட்டுவைக்கவில்லை. நெடுநாள் மனநலச் சிக்கலால் முன்போல் முடியவில்லை, இது பொழுதுபோக்காகச் செய்யும் வேலை என்று காலின் பொதுவிலேயே பதில் எழுதினார். அந்தப் பதிலை உலகமே படித்திருக்கலாம். நிரலைப் படிக்காத கண்கள் அதையும் படிக்கவில்லை.

பிறகு காலின்தான் திரும்பி வந்து, அந்தப் புள்ளியை எடுத்து, ஜியா டானின் மாற்றங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, மே 29 அன்று 5.6.2ஐ வெளியிட்டார். பில்டு வகுப்பு நடத்துகிறவர்கள் அடுத்த விடுமுறையில் அந்த இரண்டு மாத வேலையைப் பாடமாக வைக்கட்டும். டார்பாலையும் அதே பதிப்பின் கிட் நகலையும் பக்கத்தில் வைத்து டிஃப் எடுக்கச் சொல்லட்டும்; கூடுதலாக நிற்கும் ஒவ்வொரு கோப்பும் ஏன் நிற்கிறது என்று பிள்ளைகளைக் கேட்கட்டும்; கான்ஃபிகர் கக்கிய ‘நோ’ வரிகளை மட்டும் பிரித்தெடுத்து, பாதுகாப்புக்கானது எது என்று குறிக்கச் சொல்லட்டும். இதற்கே ஒரு முழுநாள் போய்விடும். மேக் இன்ஸ்டாலுக்கு நேரம் இருக்காது, இல்லாமல் போகட்டும்.