17 மணிக்குப் பிறகு

1943 ஏப்ரல் 19 பிற்பகல். ஸ்விட்ஸர்லாந்தில் பாஸல் நகரத்து ஸாண்டோஸ் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஹாஃப்மன் என்ற ரசாயன விஞ்ஞானி தன் நோட்டுப் புத்தகத்தில் 16.20 என்று மணி குறிக்கிறார். தண்ணீரில் கரைத்த கால் மில்லிகிராம் எல்.எஸ்.டி.யைக் குடித்ததாகவும் அதற்கு ருசி ஏதும் இல்லையென்றும் எழுதுகிறார். அடுத்த குறிப்பு 17 மணிக்கு: தலைசுற்றல், பதற்றம், பார்வைக் கோளாறு, கைகால் செயலிழப்பது போன்ற உணர்வு, சிரிக்க வேண்டும் என்ற உந்துதல். அதோடு சரி. அந்தக் கடைசிச் சொற்களையே மிகுந்த பிரயாசையோடுதான் எழுத முடிந்தது என்று பின்னால் சொன்னார். அதன் கீழே இருப்பது 21-ஆம் தேதியிட்ட ஒரு பிற்சேர்க்கை. சைக்கிளில் வீடு திரும்பியது, ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை நெருக்கடி உச்சத்தில் இருந்தது, அவ்வளவே.

அந்த மாலையைப் பற்றி நாம் அறிந்திருக்கும் மற்றதெல்லாம் - பால் கொண்டுவந்த பக்கத்து வீட்டுப் பெண்மணி சூனியக்காரியாகத் தெரிந்தது, தான் செத்துக்கொண்டிருப்பதாக நினைத்தது, மறுநாள் காலை மழைக்குப் பிந்திய வெயிலில் தோட்டம் அப்போதுதான் சிருஷ்டிக்கப்பட்டது போல் இருந்தது - பிறகு எழுதியவை. 1979-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் அவை ஒரு கதையின் ஒழுங்கோடு இருக்கின்றன. பயம், சரிவு, மீட்சி. இடையில் 36 வருஷங்கள். புத்தகம் பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எல்.எஸ்.டி. பற்றி நம்மிடம் உள்ள எழுத்துக்களில் எனக்கு மிக நெருக்கமாகப்படுவது, எழுத முடியாமல் நின்றுபோன அந்த நோட்டுப் பக்கம்தான். அனுபவம் எழுத்தை எங்கே முறித்தது என்பது அதில் கண்ணுக்குத் தெரிகிறது.

இதை இப்போது பேச ஒரு காரணம் இருக்கிறது. சைகெடெலிக் மருந்துகள் வைத்தியத்துக்குத் திரும்பியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், மற்ற சிகிச்சைகளுக்கு இணங்காத மனச்சோர்வுக்குக் காளான் சத்தான ஸைலோஸைபினை மனநல மருத்துவர்கள் சிலர் தர அனுமதி உண்டு. அமெரிக்காவில் எம்.டி.எம்.ஏ.வுக்குக் கேட்ட அனுமதி 2024 ஆகஸ்டில் மறுக்கப்பட்டது. சட்டம் எப்படிப் போனாலும் சிகிச்சையின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் பேசித் தயார் செய்கிறார்கள். பிறகு ஒரு நாள். கண்ணை மூடி, இசை கேட்டு, பக்கத்தில் ஆள் இருக்கப் படுத்திருப்பது. அதன் பின் அந்த நாளை வாழ்க்கையோடு சேர்த்துக்கொள்ளும் பேச்சுக்கள். இந்த மூன்றாம் கட்டத்தில் நோயாளியிடம் பல இடங்களில் சொல்லப்படுவது: எழுது. அன்று மாலையே எழுது, மறுநாள் கொண்டு வா.

ஆக, இலக்கியத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு மனிதன், தன் ஆயுளின் மிகத் தீவிரமான ஆறு மணி நேரத்தை எழுத்தில் வைக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறான். எழுதுகிறவர்களாகிய நாம் இதைக் கவனிக்காமலிருக்க முடியாது. எழுதினால் குணமாகிறதா என்பது மருத்துவர்களின் கேள்வி. எழுதியது உண்மையா என்பது நம்முடையது. இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

மருத்துவர்கள் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். 1986-ல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் ஸாண்ட்ரா பீலும் ஒரு பரிசோதனை பற்றி எழுதினார்கள். கல்லூரி மாணவர்கள், தினம் 15 நிமிஷம், தொடர்ந்து நான்கு நாள், தங்களைக் காயப்படுத்திய ஒன்றைப் பற்றி எழுத வேண்டும். நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், எழுதி முடித்த கையோடு முன்பைவிடக் கலங்கியிருந்தார்கள். ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரைத் தேடிப் போனது குறைந்தது. இது மருந்து எதுவும் சாப்பிடாதவர்களைப் பற்றியது. எனக்கு இதைவிட முக்கியமாகப்படுவது, பிறகு பென்னிபேக்கரும் மற்றவர்களும் இத்தகைய எழுத்துக்களின் சொற்களை எண்ணிப் பார்த்துக் கண்டது. காரணம் தேடும் சொற்களும் புரிந்துகொள்ளும் சொற்களும் நாளுக்கு நாள் யாரிடம் கூடினவோ அவர்களே அதிகம் பயனடைந்திருந்தார்கள். முதல் நாளே முழுக் கதையோடு வந்து அதையே திருப்பி எழுதியவர்களுக்கு அவ்வளவு பலன் இல்லை. ஒரு விமர்சகன் சொல்லக்கூடியதைச் சொற்களை எண்ணி ஒரு உளவியலாளர் சொல்லியிருக்கிறார். எழுத்தில் எழுதுகிறவனுக்கே ஏதாவது நிகழ வேண்டும். நிகழ்ந்து முடிந்ததை நகல் எடுப்பது எழுத்தும் ஆகாது, சிகிச்சையும் ஆகாது.

சைகெடெலிக் நோட்டுக்கு இங்கேதான் ஆபத்து. அதற்கென்று ஒரு முழுக் கதை ஏற்கனவே தயாராக இருக்கிறது. அதன் வம்சாவளி தெரிந்ததுதான். 1882-ல் வில்லியம் ஜேம்ஸ், நைட்ரஸ் ஆக்ஸைடை முகர்ந்த மயக்கத்தில் தாள் தாளாக எழுதித் தள்ளியதைப் பற்றி ஒரு தத்துவப் பத்திரிகையில் சொன்னார். எழுதிய போது பிரபஞ்ச தர்க்கமே கைவசப்பட்டாற்போலிருந்தது, தெளிந்து படித்தபோது உளறலாக இருந்தது என்று ஒப்புக்கொண்டார். நேர்மையான வாக்குமூலம். அதே ஜேம்ஸ் 1902-ல் வெளியான சமய அனுபவங்கள் பற்றிய சொற்பொழிவுகளில் அனுபூதிக்கு நான்கு அடையாளங்கள் வகுத்தார். சொல்லுக்கு அடங்காமை, அறிவை அடைந்த நிச்சயம் என்பவை முதல் இரண்டு. 1960-ல் டபிள்யூ. டி. ஸ்டேஸ் அந்தப் பட்டியலைத் தன் வழியில் விரித்தார். 1962-ல் வால்ட்டர் பான்கி என்ற ஹார்வர்ட் ஆய்வாளர், புனித வெள்ளியன்று பாஸ்டனில் ஒரு தேவாலயத்தில் 20 இறையியல் மாணவர்களை உட்கார வைத்து, பத்துப் பேருக்கு ஸைலோஸைபின் கொடுத்தார். நடந்ததை எழுதித் தரச் சொன்னார். அந்த எழுத்துக்களை இந்தப் பட்டியலிலிருந்து பிறந்த வகைகளை வைத்து மதிப்பிட்டார்கள். இன்றைய ஆய்வுக்கூடங்களின் வினாத்தாள்கள் அதன் பேரப்பிள்ளைகள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 36 பேரை வைத்துச் செய்து 2006-ல் வெளிவந்த ஆய்வில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அந்த நாளைத் தங்கள் வாழ்வின் மிக அர்த்தமுள்ள ஐந்து அனுபவங்களில் ஒன்றாகக் குறித்தார்கள். மறுக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அது ஒரு கட்டத்தில் போட்ட குறி. வாக்கியம் அல்ல.

இதன் விளைவு விசித்திரமானது. 'சொல்லில் அடங்காது' என்பதே மிகச் சுலபமாகச் சொல்லக் கிடைக்கும் சொல்லாகிவிட்டது. நோட்டைத் திறந்து 'எல்லாம் ஒன்றென உணர்ந்தேன், விவரிக்க இயலாது' என்று எழுதுகிறவன் தன் அனுபவத்தின் எல்லையைத் தொட்டுவிட்டதாக நினைக்கிறான். அவன் தொட்டது ஜேம்ஸின் பட்டியலை. நம்மிடமும் இந்த வியாதி உண்டு. 'அனுபவம்' என்ற சொல்லை நாம் விவாதத்தை முடித்துவைக்கப் பயன்படுத்துகிறோம். கவிதை மங்கலாக இருந்தால் அனுபவம் ஆழமானது என்கிறோம். உணர்ந்தவனுக்குத்தான் தெரியும் என்கிறோம். எழுத முடியாமல் போவதும் எழுதாமல் தப்பித்துக்கொள்வதும் ஒன்றல்ல.

பான்கியின் பரிசோதனைக்கு ஒரு பின்கதை உண்டு. ரிக் டாப்ளின் பல வருஷங்களுக்குப் பின் அந்த மாணவர்களைத் தேடிப் பிடித்துப் பேசி 1991-ல் வெளியிட்டார். பலரும் அந்த வெள்ளிக்கிழமையை இன்னும் மதித்தார்கள். ஆனால் அன்று ஒருவர் கட்டுக்கடங்காமல் போய், அவரை அமைதிப்படுத்த ஊசி போட வேண்டியிருந்தது என்பதும் தெரியவந்தது. பான்கியின் ஆய்வேட்டில் அது இல்லை. நோட்டில் மட்டுமல்ல, நோட்டுக்களைத் தொகுப்பவனிடமும் ஒரு தயார்க் கதை இருக்கிறது என்பதற்கு இது போதும்.

இரண்டு எழுத்தாளர்களை எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம். ஆல்டஸ் ஹக்ஸ்லி 1953 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் தன் வீட்டில், மனநல மருத்துவர் ஹம்ப்ரி ஆஸ்மண்ட் உடனிருக்க, 0.4 கிராம் மெஸ்கலின் சாப்பிட்டார். பேசியதெல்லாம் டிக்டஃபோனில் பதிவாயிற்று. மறு வருஷம் புத்தகம் வந்தது. பூச்சாடியிலிருந்த மூன்று பூக்களையும் கால்சராயின் மடிப்புக்களையும் அவர் பார்க்கும் பக்கங்கள் மறக்க முடியாதவை. ஆனால் பூ பூவாக நிற்க அவர் நெடுநேரம் விடுவதில்லை. எக்ஹார்ட் வருகிறார், சச்சிதானந்தம் வருகிறது, பெளத்தம் வருகிறது. படிப்பாளியின் அலமாரி அனுபவத்துக்கு முன்பே அங்கே இருந்தது. அனுபவம் வந்து அதில் தன் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. ஹக்ஸ்லியின் முடிவுகளோடு உடன்படாத ஆர். சி. ஸேனர் 1955-ல் ஆக்ஸ்ஃபோர்டில் அதே மெஸ்கலினைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, அற்ப விஷயம் என்றார். அவர் அலமாரியும் அவருக்கு முன்பே இருந்தது.

ஆன்ரி மிஷோ வேறு ரகம். தண்ணீர் குடிக்கிற ஜாதி என்று தன்னைச் சொல்லிக்கொண்ட கவி. 1955 தொடக்கத்தில் பாரிஸில் மெஸ்கலினைத் தொட்டபோது அவருக்கு வயது 55. 1956-ல் வந்த புத்தகத்தின் தலைப்பே 'அவலமான அற்புதம்' என்று பொருள்படுவது. மெஸ்கலின் காட்டிய படிமங்களை அவர் ஆராதிக்கவில்லை. அவற்றின் மலிவான பகட்டை, ஓயாத அலங்காரத்தை, ரசனைக் குறைவைக் கண்டு எரிச்சல்படுகிறார். உள்ளே கொந்தளிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே 150 பக்கம் எழுதியதாகவும் அவற்றில் 32 பக்கங்களைக் கையெழுத்தாகவே அச்சிடுவதாகவும் சொல்கிறார். அந்தப் பக்கங்களில் எழுத்து எழுத்தாக இல்லை. நடுங்கி, இழுபட்டு, கோடாகிவிடுகிறது. கூடவே படங்கள். கூடவே மார்ஜினில் குறிப்புக்கள் - நடுவிலுள்ள வாக்கியம் போகும் வேகத்தில் போக முடியாமல், அதை இடைமறித்து, சில சமயம் அதற்கு எதிராக. ஒரு முறை கணக்குத் தவறி ஆறு மடங்கு அளவு சாப்பிட்டுவிட்டார். பைத்தியத்தின் அனுபவம் என்று அவர் பெயரிட்ட அந்த அத்தியாயத்தில் மீட்சியின் இசை ஏதும் இல்லை. 1972-ல் மறுபதிப்பு வந்தபோது பிற்சேர்க்கைகள் எழுதினார். புத்தகத்தை முடிந்ததாக அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை.

இது மெஸ்கலினோடு வந்த குணம் அல்ல. மிஷோ முப்பதுகளின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சுற்றி, 'ஆசியாவில் ஒரு காட்டுமிராண்டி' என்று 1933-ல் எழுதியவர். நம்மைப் பற்றி அதில் அவசரமான தீர்ப்புக்கள் நிறைய. 1967-ல் ஒரு புதிய முன்னுரை எழுதி, அதை எழுதிய அந்த மனிதனிடமிருந்து விலகி நின்றார். பழைய வரியின் பக்கத்தில் இன்னொரு வரி எழுதினார்.

பக்கத்தில் இன்னொரு வரி என்பது நோயாளிக்கு அழகியல் விஷயம் இல்லை. இந்த மருந்துகள் மனத்தை யோசனைகளுக்கு எளிதில் வசப்படுத்துகின்றன என்பதும், அப்போது தோன்றுவதற்கு ஜேம்ஸ் சொன்ன நிச்சயம் ஒட்டிக்கொள்கிறது என்பதும் தெரிந்தவை. செத்துப்போன தகப்பனார் வந்து மன்னித்துவிட்டார் என்று ஒருவன் எழுதலாம். தகப்பனார் தன்னைச் சிறு வயதில் ஏதோ செய்தார் என்று கண்டதாக இன்னொருவன் எழுதலாம். இரண்டும் ஒரே நிச்சயத்தோடு வருகின்றன. எழுதிய மறுகணம் மையில் உறைந்து சாட்சியமாகிவிடுகின்றன. பிறகு அவன் நினைவுகூர்வது எதை? கண்டதையா, எழுதியதையா? உடனிருக்கும் மருத்துவரும் தலையாட்டிவிட்டால், திருத்துவதற்கு வேறு ஆள் இல்லை.

1927 இறுதியில் பெர்லினில் ஜோயல், ஃப்ரெங்கல் என்ற இரு மருத்துவர்களின் ஹாஷிஷ் பரிசோதனைகளில் வால்ட்டர் பென்யமின் பங்குகொண்டார். அந்தக் குறிப்பேடுகளில் சாப்பிட்டவன் எழுதியதும் பார்த்திருந்தவன் எழுதியதும் இருக்கின்றன; இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று யாரும் வற்புறுத்தவில்லை. ஹாஷிஷ் பற்றி ஒரு புத்தகம் எழுத விரும்பினார். அது நிறைவேறவில்லை. எஞ்சியிருப்பவை குறிப்புக்களும் ஒன்றிரண்டு கட்டுரைகளும். புத்தகமாகியிருந்தால் நாம் இழந்திருக்கக்கூடியது எது என்று சில சமயம் யோசிக்கிறேன்.

எழுதச் சொல்வது சரிதான். மிஷோவைப் போல எழுது என்று ஒரு நோயாளியிடம் யாரும் கேட்க முடியாது, கேட்பது கொடுமை. ஆனால் அவன் கையில் கொடுக்கிற நோட்டில் மார்ஜின் அகலமாக இருக்கட்டும். எழுதியதன் கீழே உடனே 'பொருள்' என்று ஒரு தலைப்பு அச்சடித்துக் கொடுக்க வேண்டாம். ஒரு வாரம் கழித்து, ஒரு வருஷம் கழித்து, பழைய வரியை அடிக்காமல், தேதி போட்டுப் பக்கத்தில் எழுத இடம் இருந்தால் போதும். 19-ஆம் தேதிக்கும் 21-ஆம் தேதிக்கும் நடுவில் ஹாஃப்மன் எதையும் இட்டு நிரப்பவில்லை. பிற்சேர்க்கையைப் பிற்சேர்க்கை என்றே எழுதினார்.