பிளாஸ்டிக் பெட்டிக்குள் மாயாவி

பங்காருபேட்டை சந்திப்பில் பிரிந்து மாரிக்குப்பம் வரை போகும் கிளைப்பாதை கோலார் தங்கவயலுக்காகவே போடப்பட்டது. கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று வழியிலுள்ள நிலையங்களின் பெயர்களிலும் சுரங்க வாசம் உண்டு. இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் 1970களிலும் 80களிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு, தமிழ்நாட்டுப் பிள்ளைகளைப் போலவே, காமிக்ஸ் என்றால் பெரும்பாலும் சிவகாசிதான். 1972இல் முத்து காமிக்ஸ் வந்தது. அதன் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் சேர்ந்துகொண்டன. ஒரு புத்தகம் பத்து வீடு சுற்றி வரும். அட்டை கிழிந்தால் சோற்றுப் பசை. அந்த இதழ்களை இன்று தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் கேட்கும் முதல் கேள்வி "என்ன கதை?" என்பதல்ல, "கண்டிஷன் எப்படி?" என்பது.

அந்தக் கேள்வி அமெரிக்காவில் முற்றிப் பழுத்த ஒன்று. சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய 1938ஆம் ஆண்டின் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் விலை அன்று 10 சென்ட். 2024 ஏப்ரலில் அதன் ஒரு பிரதி 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. பத்துக்கு 8.5 என்ற தரமதிப்பெண்தான் அந்த விலைக்கு முக்கியக் காரணம். 2000ஆம் ஆண்டு தொடங்கிய சி.ஜி.சி. நிறுவனம் இந்த மதிப்பெண்ணைத் தருகிறது. இதழின் மூலை மழுங்கியிருக்கிறதா, முதுகில் மடிப்பு விழுந்திருக்கிறதா, தாள் வெள்ளையா பழுப்பா, பின் துருப்பிடித்ததா என்று பார்த்து எண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுகிறார்கள். உடைத்தால் மதிப்பெண் செல்லாது. ஆகவே அந்த இதழை அதன் பிறகு யாரும் புரட்டுவதில்லை.

இதை வெறும் பணக்காரப் பித்து என்று ஒதுக்கிவிடுவது எளிது. நான் அப்படிச் செய்யமாட்டேன். மலிவுத் தாள் மரக்கூழில் செய்தது. அதிலுள்ள லிக்னின் என்ற பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பேறும், அமிலம் ஊறும், கடைசியில் தாள் அப்பளம் போல நொறுங்கும். இதை உணர்ந்து பதில் தேடியவர்களில் இந்தச் சேகரிப்பாளர்களும் உண்டு. அமிலமில்லாத அட்டை, வேதிப்பொருள் கசியாத உறை, இருட்டு, ஈரமில்லாத அறை ஆகியவற்றைச் சாதாரண வாசகனின் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தாம். கொலராடோவில் எட்கர் சர்ச் என்பவர் சேர்த்து வைத்திருந்த பல்லாயிரம் இதழ்கள் 1977இல் கிடைத்தபோது, நாற்பது ஆண்டு வரை கழிந்தும் தாள் புதிது போல இருந்தது. இறுக்கமாக அடுக்கி வைத்ததும் அந்த உயரமான நிலப்பகுதியின் குளிர்ந்த, வறண்ட காற்றும்தான் காரணம். கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேலே இருக்கும் கோலார்ப் பக்கத்துக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. சென்னையின் உப்புக்காற்றும் புழுக்கமும் இங்கே இல்லை. கறையானையும் மழை ஒழுக்கையும் தடுத்தால் போதும், பழைய தாளுக்கு இது தோதான ஊர்.

மதிப்பெண் முறையின் இன்னொரு நன்மை நேர்மை. அட்டையில் நிறம் தீட்டியதா, ஓரத்தை வெட்டிச் சீராக்கியதா, காணாமற்போன பக்கத்துக்கு வேறு பிரதியிலிருந்து ஒட்டுப்போட்டதா என்று மூன்றாவது ஆள் ஒருவர் சொல்வது வாங்குகிறவனுக்குப் பாதுகாப்பு. ஜெராக்ஸ் அட்டை போட்ட இதழை அசல் விலைக்கு வாங்கி ஏமாறக்கூடிய தமிழ் வாசகனுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் அந்த மூன்றாவது ஆளையும் ஏமாற்றலாம் என்பதும் தெரிந்துவிட்டது. உயர்ந்த மதிப்பெண் பெற்ற பெட்டிக்குள் தாழ்ந்த தரப் பிரதிகளை மாற்றி வைத்து விற்ற மோசடி 2023 முடிவில் வெளிவந்தது. பெட்டியை நம்பிப் பழகியவர்கள் புத்தகத்தைப் பார்க்கும் கண்ணை இழந்துவிடுகிறார்கள். இந்த முறையின் ஆழமான குறை அதுதான்.

தங்கவயலில் பாறையின் தரத்தை டன்னுக்கு எத்தனை கிராம் தங்கம் என்று அளந்தார்கள். உள்ளே இருப்பதற்குத்தான் மதிப்பு. காமிக்ஸ் மதிப்பெண்ணோ உள்ளே இருப்பதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. எழுதியவன், வரைந்தவன், மொழிபெயர்த்தவன் யாருக்கும் அதில் இடமில்லை.

ஜெர்ரி சீகலின் கதை இதற்குச் சாட்சி. சூப்பர்மேனைப் படைத்த இரண்டு இளைஞர்களில் அவர் ஒருவர். 1938இல் ஜோ ஷஸ்டரும் அவரும் அந்தப் பாத்திரத்தின் உரிமையை 130 டாலருக்கு விட்டுக்கொடுத்தார்கள். அந்தத் தொகை அடங்கிய காசோலையே 2012இல் 1,60,000 டாலருக்கு ஏலம் போனது. சீகல் பிழைப்புக்காகப் பின்னாளில் பல இடங்களுக்கு எழுதினார். 1960களில் பிரிட்டிஷ் இதழ் ஒன்றில் ஸ்பைடர் என்ற குற்றச் சக்கரவர்த்தியின் கதைகள் பலவற்றை எழுதியவரும் அவரே. அதே ஸ்பைடர்தான் 1984 முதல் லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்து நம் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுத்தான் (சிலந்தி மனிதன் ஸ்பைடர்மேன் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்). சூப்பர்மேனின் தகப்பன் எழுதிய கதைகளைச் சிவகாசித் தாளில் படித்திருக்கிறோம் என்பது எனக்கு எந்த 9.8 மதிப்பெண்ணை விடவும் பெரிய விஷயம். ஆனால் இந்தத் தொடர்பு இதழைப் புரட்டுகிறவனுக்குத்தான் புலப்படும்.

தமிழ் இதழ்களுக்கு அமெரிக்க அளவுகோல் பொருந்தாததற்கு இன்னொரு காரணம் நம்முடைய பழக்கம். கல்கியிலும் விகடனிலும் வந்த தொடர்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்தவர்கள் நம் பெரியவர்கள். காமிக்ஸையும் அப்படியே பத்துப் பத்தாகத் தைத்தார்கள். பின்னைப் பிடுங்கி, ஓரத்தை வெட்டி, சில வேளை அட்டையையும் எடுத்துவிட்டுத் தைத்த தொகுதிக்கு அந்த அளவுகோலில் மதிப்பே கிடையாது. ஆனால் பல பழைய இதழ்கள் பிழைத்ததே அந்தக் கட்டுகளுக்குள்தான். அவற்றைப் பிரித்து 'நல்ல கண்டிஷன்' இதழ்களை மட்டும் உருவி விற்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு வாசகன் வரிசை கோத்து வைத்த தொகுதி, அவன் எதை எந்த ஒழுங்கில் படித்தான் என்பதற்கான ஆவணம்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேகரித்த விதம் வேறு. தரம் பார்க்காமல், நாடக நோட்டீஸ் முதல் புத்தகம் வரை அச்சான தமிழ் எதையும் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கிச் சென்னையில் நூலகமாக்க உதவியது. இன்று ஆய்வாளர்கள் அங்கே போகிறார்கள். ஓரம் தேய்ந்த பிரதியும் அங்கே பிரதிதான்.

பணத்துக்காகப் பதுக்குவது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1990களின் தொடக்கத்தில் நாளை விலை ஏறும் என்று அமெரிக்காவில் ஆளுக்குப் பத்துப் பிரதி வாங்கிக் குவித்தார்கள். 1991இன் எக்ஸ்-மென் முதல் இதழ் எண்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் கடைகளுக்குப் போனது. எல்லோரிடமும் இருக்கும் பொருளுக்கு விலை எங்கிருந்து வரும்? சந்தை சரிந்து, 1996இல் மார்வெல் நிறுவனமே திவால் மனு கொடுத்தது.

என் முடிவு இது: பாதுகாக்கும் முறையை அமெரிக்கச் சேகரிப்பாளர்களிடம் கற்போம், மதிப்பெண்ணும் மூடிய பெட்டியும் நமக்கு வேண்டாம். தமிழ்க் காமிக்ஸுக்கு இன்றைய தேவை பழுதில்லாத ஒற்றைப் பிரதியைவிட விடுபடாத வரிசைதான். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடிய பின் தங்கவயலிலிருந்து பலர் வேலை தேடி பெங்களூருக்குப் போனார்கள். வீடு மாறும்போது முதலில் எடைக்குப் போவது பழைய தாள்தான். ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ பங்காருபேட்டையிலோ பரணில் ஒரு கட்டு மீந்திருந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள், பைண்டைப் பிரிக்காதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். இதழ் எண், மாதம், விலை, உள்ளே இருக்கும் கதையின் பெயர் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, தாளை வெயிலும் ஈரமும் படாமல் வைத்து, கேட்டு வருகிறவருக்குப் படிக்கக் கொடுங்கள்.