உருவகக் கதையும் புரட்சியின் மெய்க்கதையும்

தமிழ் அணியிலக்கணத்துக்கு உருவகக் கதையின் நுட்பம் புதியதன்று. கருதிய பொருளை மறைத்து, அதனை ஒத்த பிறிதொன்றைக் கூறி உணர்த்துவதைத் தண்டியலங்காரம் ஒட்டணி என வகுத்தது. பிறிதுமொழிதல் என்பதும் அதுவே. மயிற்பீலி ஏற்றிய வண்டியும் பாரம் மிகுந்தால் அச்சு முறியும் என்னும் குறள் வண்டிக்காரனுக்குச் சொன்னதன்று. பகைமேற் செல்லும் வேந்தனுக்குச் சொன்னது. அது வலியறிதல் அதிகாரத்தில் நிற்பதே அப்பொருளைக் காட்டப் போதுமாயிற்று. 1912 இல் பாரதி பாஞ்சாலி சபதத்தை வெளியிட்டபோதும், சபையில் இழுத்துவரப்பட்டவள் யாரென்று அன்றைய வாசகருக்கு எவரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஆயின் ஒரு குறளிலோ ஒரு காவியத்திலோ இயலும் இவ்வுத்தி, ஒரு புரட்சியின் முழு வரலாற்றையும் தாங்குமா என்பது வேறு வினா.

இவ்வினாவுக்கு எவரும் முதலில் எடுத்துக்காட்டும் நூல் ஜோர்ஜ் ஓர்வெலின் ‘விலங்குப் பண்ணை’. 1945 ஆகஸ்டில் இலண்டனில் வெளிவந்த இந்நூலை க.நா.சுப்ரமண்யம் தமிழில் தந்துள்ளார். பண்ணை உரிமையாளனை விரட்டும் விலங்குகள் சமத்துவ ஆட்சியை நிறுவுகின்றன, பன்றிகள் தலைமையேற்கின்றன, ஈற்றில் பன்றிகளுக்கும் மனிதருக்கும் முகவேறுபாடு தெரியாமற் போகின்றது. நெப்போலியன் என்னும் பன்றி ஸ்டாலின், துரத்தப்பட்ட ஸ்னோபோல் ட்ரொட்ஸ்கி, பொய்யாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு கொல்லப்படும் விலங்குகள் 1936 முதல் 1938 வரையிலான மொஸ்கோ விசாரணைகளிற் பலியானோர், பண்ணையாளர் பிரடெரிக்குடனான மரவியாபாரம் 1939 இன் ஜெர்மனிய சோவியத் ஒப்பந்தம் என்று நிரல் அமைத்துக் கூறுவது வகுப்பறை வழக்கம். இறுதிச் சீட்டாட்டம் 1943 இன் தெஹ்ரான் மாநாட்டைச் சுட்டுவதென்பது ஆசிரியரே ஒப்பியது. தேர்வுத்தாளுக்கு இவ்வளவும் போதும். விமரிசனத்துக்குப் போதாது.

ஓர்வெல் இவ்வொப்புமைகளை எவ்வளவு கண்ணுங்கருத்துமாகப் பேணினார் என்பதற்கு ஒரு சிறு செய்தி சான்றாகும். காற்றாலை வெடித்துத் தகரும் கட்டத்தில் எல்லா விலங்குகளும் தரையில் விழுந்து பதுங்கின என்று எழுதியவர், அச்சேறுமுன் நெப்போலியன் மட்டும் விழவில்லையெனத் திருத்தினார். 1941 இல் ஜெர்மனியப் படைகள் நெருங்கியபோது ஸ்டாலின் மொஸ்கோவை விட்டு அகலவில்லை. அந்நீதியை அவருக்குச் செய்யவேண்டுமென்பது ஓர்வெலின் எண்ணம். பகைவனுக்கும் வரலாற்று நேர்மை வழங்கும் இப்பண்பு அரசியல் எழுத்தில் அரிது.

இந்நூலின் உயிர் ஆள்மாறாட்டத்தில் இல்லை. களஞ்சியச் சுவரில் எழுதப்பட்ட ஏழு கட்டளைகளில் உள்ளது. இரவோடிரவாக ஒரு சொல் சேர்க்கப்படுகின்றது. மறுநாட் காலையில் விலங்குகள் சுவரைப் பார்த்துத் தம் நினைவையே ஐயுறுகின்றன. புரட்சி வன்முறையால் மட்டும் கெடுவதில்லை, எழுத்தறியாத பெரும்பான்மையின் நினைவு களவாடப்படுவதாலும் கெடுகின்றது என்னும் இவ்விளக்கம் ருஷ்யாவைக் கடந்து நிற்பது.

எனினும் இவ்வுருவகத்தின் அடிப்படையில் ஒரு பழுது உண்டு. பன்றிகள் பிறப்பிலேயே அறிவுமிக்கவை. குதிரையும் ஆடும் கோழியும் பிறப்பிலேயே மந்தமானவை. வர்க்கத்தை உயிரினமாக மாற்றியவுடன், வரலாற்றால் விளைந்த ஏற்றத்தாழ்வு இயற்கையால் விளைந்ததாகி விடுகின்றது. பொக்ஸர் என்னும் குதிரை எத்துணை முயன்றும் நான்கு எழுத்துக்களுக்கு மேல் கற்கமாட்டாது. 1917 இன் ருஷ்யத் தொழிலாளியோ வாசித்தான், வாதிட்டான், சோவியத்துக்களை அமைத்தான். அவனைக் குதிரையாக்கிய கதை, தோல்வி விதிக்கப்பட்டதென்ற எண்ணத்தை வாசகன் மனத்தில் விதைக்கின்றது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தொழிலாளர் படையில் நின்று போராடிய ஓர்வெலின் நோக்கம் அதுவன்று. கதையின் வடிவம் நோக்கத்தை மீறிப் பேசிவிட்டது. 1954 இல் அமெரிக்க உளவு நிறுவனத்தின் மறைமுகப் பணத்தில் இக்கதை கேலிச்சித்திரப் படமானபோது, இறுதியில் விலங்குகள் மீண்டும் எழுந்து பன்றிகளைக் கவிழ்ப்பதாக மாற்றப்பட்டது. புரட்சியை அஞ்சியவர்களே இன்னொரு புரட்சியைக் கதையிற் சேர்த்தது நகைப்புக்குரிய விடயம்.

ஜெயமோகனின் ‘பின் தொடரும் நிழலின் குரல்’ (1999) இதே ருஷ்ய வரலாற்றை உருவகமின்றி அணுகியது. 1938 இல் கொல்லப்பட்டு 1988 இலேயே குற்றமற்றவரென ஏற்கப்பட்ட புகாரினின் கதையும், கட்சியால் அழிக்கப்பட்ட வீரபத்திரபிள்ளையின் கதையும் அதில் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. விவாதம் மிகுந்து கதை தளரும் இடங்கள் பல. இங்கு வேண்டியது அந்நாவலைவிட நமக்கு அணித்தான வேறொன்று.

1985 இல் வெளிவந்த கோவிந்தனின் ‘புதியதோர் உலகம்’ தமிழீழ மக்கள் விடுதலைக் கழகத்திலிருந்து உயிருக்கஞ்சி வெளியேறியோர் அமைத்த ‘தீப்பொறி’ குழுவின் வெளியீடு. தமிழ்நாட்டுப் பயிற்சி முகாம்களில் நிகழ்ந்த சித்திரவதைகளும் உட்கொலைகளும் அதன் பொருள். தலைப்போ பாரதிதாசன் பாடலொன்றை நினைவூட்டுவது. பாடலின் எழுச்சியும் முகாமின் இருளும் மோதுமிடத்திலேயே நாவல் தொடங்கிவிடுகின்றது எனலாம். மாந்தர் பெயர்கள் மாற்றப்பட்டுள்ளனவே தவிர, பன்றியுமில்லை, பண்ணையுமில்லை. மறைவு மிகவும் தேவைப்பட்ட ஓர் எழுத்தாளர் உருவகத்தின் மறைவை ஏன் நாடவில்லை?

உருவகம் முன்னறிவை வேண்டும் வடிவம் என்பதே விடையாகத் தோன்றுகின்றது. மொஸ்கோ விசாரணைகளை 1945 இன் ஆங்கில வாசகன் செய்தித்தாளில் ஏற்கெனவே வாசித்திருந்தான். திறவுகோல் அவன் கையில் இருந்தது. 1983 ஜூலை வன்செயல்களின் பின்னர் இளைஞர்கள் கடல்கடந்து போனபோது, குச்சவெளியிலோ முல்லைத்தீவிலோ கரையில் நின்ற தாய்க்கு, மகன் எந்த முகாமில் இருக்கின்றான், யாருக்கு அஞ்சுகின்றான் என்பது தெரியாது. தெரியாத ஒன்றை வேறொன்றாற் குறிப்பது எங்ஙனம்? அங்கே முதற்கடமை சாட்சியம் கூறல். ‘புதியதோர் உலகம்’ நாவலின் கலைக்குறைகள் யாவும், நீளும் அரசியல் உரையாடல்களும் அவசரநடையும் உட்பட, இக்கடமையின் சுவடுகளே.

ஓர்வெலின் பழுது இந்நாவலில் இல்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. சித்திரவதை செய்பவனும் செய்யப்படுபவனும் இங்கு ஒரே மண்ணிலிருந்து, ஒரே கனவுடன் படகேறியவர்கள். எந்த இடத்தில் ஒருவன் மற்றவனிடமிருந்து வேறாகின்றான் என்பதை நாவல் தேடவேண்டியிருக்கின்றது. பிறப்பைக் காட்டித் தப்பிக்கொள்ள அதற்கு வழியில்லை.

திருகோணமலைக் கரையினர்க்கு இன்னொரு மரபும் உண்டு. மூதூர் வ.அ.இராசரத்தினத்தின் ‘தோணி’ சிறுகதையில் மீனவச் சிறுவனொருவன் சொந்தத் தோணிக்கு ஏங்குகின்றான். அத்தோணி உழைப்புக் கருவியின் உடைமை பற்றிய குறியீடென விமரிசகர் கூறலாம். ஆனால் குச்சவெளி வாடியொன்றில் வலை பொத்துபவன் அதனைத் தோணியாகவே வாசித்தும் முழுப்பொருளையும் அடைவான். குறியீடு தன் உருவை இழப்பதில்லை. உருவகத்திலோ திறவுகோல் தொலைந்தால் எஞ்சுவது விலங்குக் கதை.

சில வேளைகளில் திறவுகோல் மாறியும் விடுகின்றது. 1986 இல் ஈழத்து இயக்கமொன்று இன்னோர் இயக்கத்தைத் தெருக்களிற் கொன்றழித்ததைக் கண்ட தலைமுறை ‘விலங்குப் பண்ணை’யை வாசிக்கையில், ஸ்டாலினை நினைக்கவேண்டிய தேவை அதற்கு இல்லை, சுவரெழுத்து மாறிய காலைகளை அது தன் ஊரிலேயே கண்டிருந்தது. கோவிந்தனோ நெடுங்காலம் இருக்கவில்லை. 1991 இல் விடுதலைப் புலிகள் அவரைப் பிடித்துச் சென்றனர்; அவர் மீளவில்லை.