முந்தி வந்த ஒலியும் பிந்தி வந்த ஒலியும்

வெளிச்சம் எட்டாத ஆழத்தில் எண்ணெய்த் திமிங்கிலம் ஒன்று ‘டிக்’கென்று ஒலிக்கிறது. அது எங்கே என்று சொல்லிவிடும் கணக்கைச் சற்று நிதானமாகப் பாருங்கள். எத்தனை நளினம்!

கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடும். 3 மீட்டர் இடைவெளியில், நீருக்கடியில் ஒலி கேட்கும் ஹைட்ரோஃபோன்கள் இரண்டு. ஒன்றைத் தொட்ட ஒலி, ஆயிரத்தில் ஒரு நொடி கழித்து மற்றதைத் தொட்டால், அது 1.5 மீட்டர் கூடுதலாக வந்திருக்கிறது. இரண்டையும் இணைக்கும் கோட்டுக்கு 60 டிகிரியில் இருக்கிறது திமிங்கிலம். அந்தப் பொடித் தாமதத்துக்குள் ஒரு திசை அடங்கிக் கிடக்கிறது.

ஹைட்ரோஃபோன்கள் நீண்ட வரிசையானால் பீம்ஃபார்மிங். முந்தி வந்தவர் பிந்தி வருபவருக்காகக் காத்திருந்து ஒரே பந்தியில் உட்காருவதுபோல, முந்திய ஒலியை நிறுத்திவைத்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டுகிறார்கள். நாடிய ஒலி ஓங்கி எழுகிறது. தாறுமாறான இரைச்சல் தணிகிறது. இதில் கருவி எதுவும் திரும்புவதில்லை என்பதுதான் என்னை மயக்குவது. தாமதங்களை மாற்றினால் போதும்; நேற்றைய பதிவில்கூட இன்று வேறு திசைக்குக் காது கொடுக்கலாம்.

கப்பல் இழுத்துச் செல்லும் நேர்வரிசைக்கு இடம் வலம் தெரியாது; மெய்யான திசையோடு மறுபக்கத்தில் ஒரு போலியும் தோன்றும். கப்பலைக் கொஞ்சம் திருப்புகிறார்கள். மெய்யான திசை அசையாது. போலி மட்டும் இடம் மாறித் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

எதிரொலியின் அழகு இன்னும் நுட்பமானது. கடற்பரப்பில் பட்டுத் திரும்பும் ‘டிக்’, அலைவடிவம் தலைகீழாகி வருகிறது: மேடு பள்ளமாக, பள்ளம் மேடாக. அந்தப் புரட்டலே அதற்கு அடையாளம். கணக்கின் கண்ணுக்கு, நீருக்கு மேலே இன்னொரு ஹைட்ரோஃபோன் தொங்குவதற்கு அது சமம். கடலடியில் பட்டுவரும் எதிரொலியும் கிடைத்து, அங்கே கடலின் ஆழமும் தெரிந்திருந்தால், ஒற்றை ஹைட்ரோஃபோனே திமிங்கிலத்தின் தூரத்தையும் ஆழத்தையும் சொல்லும். இடைஞ்சல் என்று ஒதுக்கவேண்டிய எதிரொலி சாட்சியாகிவிடுகிறதே!

எதிரொலியைச் சாட்சியாக்கும் இந்த எண்ணத்தை, 1976இல் ஹோமர் பக்கர் எழுதிய ஆய்வுக்கட்டுரை விரித்தது. ஒலி இங்கிருந்து வந்தால் எப்படிக் கேட்கும், அங்கிருந்து வந்தால் எப்படிக் கேட்கும் என்று இடம் இடமாகக் கணக்கிட்டு, கேட்டதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. வெயிலில் மேல்நீர் கொஞ்சம் சூடேறினாலும் ஒலியின் வழி வளைந்து, விடை நழுவிவிடும்; அதனால் ஆழத்துக்கு ஆழம் நீரின் வெப்பத்தையும் அளந்துகொள்கிறார்கள்.