மதிலில் ஒட்டுப் போட்ட இடத்தைப் பாருங்கள்

கோட்டை பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேர் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் சாமியைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மதிலை ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை. கோட்டை தூரம் என்ற சாக்கு கடத்தூர்க்காரர்களுக்குச் செல்லாது. கிழக்கே பக்கத்திலேயே தென்கரைக்கோட்டை இருக்கிறது. நாயக்கர் காலக் கோட்டை; உள்ளே கல்யாண ராமர் கோயில். கோயில் சிற்பங்களைக் காட்டப் பலர் வருவார்கள். மதிலை நாமேதான் படித்துக்கொள்ள வேண்டும்.

வெயில் சாய்ந்தபின் போங்கள். உச்சி வெயிலில் கல் எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரியும். மாலைச் சாய்வு வெயிலில்தான் உளி பட்ட தடம் எழுந்து நிற்கும். முதலில் வெளிப்பக்கமாக நடங்கள். கல்லின் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் இருந்தால், அங்கே ஆப்பு இறக்கிப் பாறையைப் பிளந்திருக்கிறார்கள். பிறகு இணைப்புகளைக் கவனியுங்கள். நல்ல கொத்தன் ஒரு வரிசையின் இணைப்புக்கு நேர்மேலே அடுத்த வரிசையின் இணைப்பை வைக்கமாட்டான், மாற்றி மாற்றித்தான் அடுக்குவான். மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோடாக இணைப்பு இறங்கினால், பெரும்பாலும் பழைய சுவர் அங்கே முடிந்து வேறொரு காலத்து வேலை தொடங்குகிறது. கல் அளவு சட்டென்று சிறுத்துப்போவதும், சில்லுக்கல் நெருக்கி அடைத்திருப்பதும், காரை திடீரென்று தலைகாட்டுவதும் அப்படித்தான். எனக்கு முழு மதிலைவிட இந்த ஒட்டுகள்தான் பிடிக்கும். மதிலைக் கட்டியவன் பெயரை ஊர் சொல்லும். பழுது பார்த்தவனைச் சுவர் மட்டுமே சொல்லும்.

ஏன் ஓயாமல் பழுது பார்க்க வேண்டியிருந்தது? கோட்டை மதில் பெரும்பாலும் முழுக்கல் அல்ல. இரண்டு பக்கமும் கல்முகம், நடுவே மண்ணும் உடைகல்லும். அந்த மண் பல இடங்களில் அகழி வெட்டியபோது வந்தது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கினால் மண் ஊதி, சுவர் வயிறு தள்ளும். அரசமர விதை ஒன்று விழுந்து வேர்விட்டாலும் போதும். எதிரி வராத வருடத்திலும் செலவு உண்டு.

இந்தச் செலவு யாருடையது என்று கேட்டுக்கொண்டே நடந்தால் மதில் இன்னும் சுவையாகிவிடும். கங்கைகொண்ட சோழபுரத்துக் கல்வெட்டுகளில் ராஜேந்திர சோழன் மதில் என்று ஒன்று வருகிறது, குலோத்துங்க சோழன் திருமதில் என்று இன்னொன்றும் வருகிறது. பாட்டன் நகரத்துக்குப் பேரன் செய்த வேலை தன் பெயரோடு நின்றுவிட்டது. ஆனால் அரசன் பெயர் இருந்தால் பணமும் அவன் பெட்டியிலிருந்தே வந்தது என்று நம்பிவிடாதீர்கள். விஜயநகரக் கால வரிப் பட்டியல்களில் கோட்டைப் பணம், கோட்டை மகமை என்ற இனங்கள் இருக்கின்றன. அதாவது நெல் விளைவித்தவரும் சரக்கு விற்றவரும் கொடுத்ததுதான். கூலியில்லாத வெட்டி வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். 13ஆம் நூற்றாண்டில் ஷ்ரூஸ்பரி போன்ற நகரங்களுக்கு மன்னர் மதில் வேலைக்குக் கொடுத்தது பெரும்பாலும் பணம் அல்ல, அனுமதி. ஊருக்குள் வரும் சரக்குக்கு இத்தனை ஆண்டு சுங்கம் வாங்கி மதிலைப் பாருங்கள் என்பார். இதற்கு ‘முரேஜ்’ என்று பெயர். மன்னர் அளித்தது என்று ஏட்டில் இருக்கும், சந்தைக்கு வந்தவன் மடியிலிருந்து போகும்.

சென்னைக்காரர்கள் மட்டும் தப்பித்தார்கள். ஹைதர் அலியின் படை 1769இல் நகர வாசல்வரை வந்து போன பயத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி கறுப்பர் நகரைச் சுற்றி மதில் எழுப்பியது. ஒப்பந்தக்காரர் பால் பென்ஃபீல்டு. செலவுக்கு ஊர்மக்களிடம் வரி கேட்டார்கள். அது வசூலாகவே இல்லை. சென்ட்ரல் பக்கத்தில் வால்டாக்ஸ் ரோடு என்று சாலைக்குப் பெயர் மட்டும் மிஞ்சியது. மதிலின் மிச்சத்தைப் பழைய வண்ணாரப்பேட்டை மாடிப் பூங்காவில் பார்க்கலாம்.

திரும்பத் தென்கரைக்கோட்டைப் பக்கம் வருவோம். பார்வை மதிலின் உச்சிக்கு வந்ததும் கைப்பிடிச் சுவரைத் தேடுங்கள். அடியில் பெருங்கல், மேலே செங்கல்லும் சுண்ணாம்பும், அதில் உள்ளே அகன்று வெளியே குறுகிய துளைகள் இருந்தால், அவை பெரும்பாலும் துப்பாக்கிக்கானவை. வில்லுக்கும் வேலுக்கும் எழுந்த சுவரைத் துப்பாக்கிக் காலத்துக்கு மாற்றியிருக்கலாம். மைசூர்க்காரர்கள் கையில் இருந்த இந்த வட்டாரம் 1792இல், ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின், கம்பெனியிடம் போனது. அதன்பிறகு சிறு கோட்டைகளுக்குப் பணம் ஒதுக்க யாருக்கும் அவசரமில்லை. ஒட்டுகள் நின்றன, சரிவுகள் தொடங்கின.

மிச்சம் ஒரு வேலை: இன்றைய ஒட்டுகளையும் கணக்கில் சேர்ப்பது. எந்தக் கோட்டைக்குப் போனாலும் பழுது பார்த்த இடத்தில் சிமெண்டா சுண்ணாம்பா என்று பாருங்கள். சிமெண்ட் இறுகி ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும், பக்கத்துப் பழைய கல்லும் காரையும்தான் உதிரும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். ஐப்பசி அடைமழை ஓய்ந்த மறுவாரம் போனால் எந்த ஒட்டு தாங்குகிறது, எது கசிகிறது என்பது ஈரத்திட்டுகளிலேயே தெரிந்துவிடும். சுவர்மேல் மட்டும் ஏறாதீர்கள். வயிறு தள்ளிய மதில் ஆள் பாரத்தையும் தாங்காது.